கடற்கரை மணலிற் கிடக்கும் ஸ்பானிய வெள்ளி

புத்தளத்துக்கு வடமேற்கே கடலினுள் நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். அதனையும் கடந்து வடக்கு நோக்கிப் படகிற் சென்றால் சிறியவும் பெரியவுமாகப் பல தீவுகள் எதிர்ப்படும். அவற்றுள் ஒன்று உச்சமுனை. ஒருபுறம் ஆழங்குறைந்த குடாவின் அமைதியான நீர். மறுபுறம் திறந்த கடலின் அலை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய மணற்கீற்று. மீன்பிடித்து வாழ்வோரின் குடிசைகளும் தோணிகளும் வலைகளுமே அங்கு நாம் காணும் காட்சிகள்.

அப்பகுதியில் உள்ள இரண்டு குடாக்களின் பெயர்களைக் கேட்ட அளவிலேயே வரலாறு தன் கதையைத் தொடங்கிவிடும். ஒன்று போர்த்துக்கல் குடா. மற்றது ஒல்லாந்தக் குடா. ஸ்பானியரின் பெயரால் அங்கு ஒரு குடாவும் இல்லை. ஒரு கோட்டையும் இல்லை. ஸ்பானியர் இந்நாட்டில் ஆளுநரை அமர்த்தி ஆட்சி செய்ததுமில்லை. ஆயினும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பின்வந்த ஆங்கிலேயரும் தங்கள் பெட்டகங்களில் இட்டுக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்த வெள்ளியிற் பெரும்பகுதி ஸ்பானிய வெள்ளியே. இத்தகைய கரையிலே, கறுத்துப்போன, வட்டமென்றும் சதுரமென்றும் சொல்ல இயலாத ஓர் உலோகத் துண்டு ஒருவர் காலில் இடறுமானால், அது இன்ன நாணயம் என்று கண்டுகொள்வது எப்படி? இன்றைய பேச்சில் இதனையே ஆராய விரும்புகின்றேன்.

நேயர்களே, இது பொழுதுபோக்காளருக்கு மாத்திரம் உரிய செய்தி என்று எண்ணிவிடவேண்டாம். காசின் அருமை அறியாதவர் அதனைத் தட்டாரிடம் கொடுத்து வெள்ளியின் நிறைக்கு விற்றுவிடுகின்றார். அது அன்றைக்கே உருகி ஒரு சோடிக் கொலுசாகிவிடுகின்றது. அருமையை அரைகுறையாக அறிந்தவரோ, ஈயமும் தகரமும் கலந்து வார்த்த போலிக் காசை நூற்றாண்டுகள் பழையதென்று நம்பி, உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டிக் கொடுக்கின்றார். முன்னது நாட்டுக்கு இழப்பு. பின்னது வீட்டுக்கு இழப்பு. இரண்டையும் சிறிதளவு அறிவு தடுத்துவிடும்.

இவ்வெள்ளி எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியா நாட்டில், போட்டோசி என்றொரு மலை உண்டு. அம்மலையில் வெள்ளி இருப்பது 1545ஆம் ஆண்டில் ஸ்பானியருக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டே மெக்சிக்கோவின் சக்காத்தேக்காசு என்னும் இடத்திலும் பெரும் வெள்ளிப்படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அம்மண்ணின் பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்து, சுரங்கத்தில் அவர்கள் உயிரைக் கரைத்து எடுத்த வெள்ளி அது. மெக்சிக்கோ நகரக் கம்பட்டம் 1536இல் நாணயம் அடிக்கத் தொடங்கியது. லீமாவில் 1568இலும், போட்டோசியில் 1570களிலும் கம்பட்டங்கள் எழுந்தன. அங்கு அடித்த பெருங்காசின் மதிப்பு எட்டு ரியால். அதனால் அது எட்டு ரியாற் காசு எனப்பட்டது. ஆங்கிலேயர் அதனையே ஸ்பானிய டாலர் என்றனர். அரபு நாடுகளில் இன்று வழங்கும் ரியால் என்னும் பெயரும் இந்த ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்ததே.

அது நம் கடலுக்கு வந்த வழி ஒன்றன்று. முதலாவது வழியைச் சொல்லும்போது நம்மவர் பலரும் மறந்துவிடுகின்ற ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1580 முதல் 1640 வரை ஸ்பானியாவுக்கும் போர்த்துக்கலுக்கும் அரசர் ஒருவரே. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்து, சங்கிலி குமாரன் சிறைப்பட்டபோது, கோவாவின் அரசராகவும் போட்டோசி மலையின் அரசராகவும் இருந்தவர் மூன்றாம் பிலிப்பு மன்னரே. போர்த்துக்கேயர் அவரை இரண்டாம் பிலிப்பு என்று எண்ணுவர், ஆள் ஒருவர்தாம். எனவே லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்த கப்பல்களில் மிளகும் கறுவாவும் வாங்குவதற்கென்று ஸ்பானிய ரியால்கள் வந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது வழி ஒல்லாந்தர் வழி. ஸ்பானியாவுடன் எண்பது ஆண்டுகள் பகைத்துப் போரிட்ட ஒல்லாந்தரும் ஸ்பானிய வெள்ளியின்றிக் கீழ்த்திசை வாணிகம் நடத்த இயலவில்லை. ஐரோப்பாவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த சரக்குகளை இங்கே விரும்பி வாங்குவோர் குறைவு. வெள்ளியையோ வேண்டாமென்பார் ஒருவருமில்லை. 1656ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பத்தாவியா நோக்கிச் சென்ற ஒல்லாந்தரின் ‘பெர்குல்டே டிராக்’ என்னும் கப்பல் மேற்கு அவுஸ்திரேலியக் கரையோரப் பாறையில் மோதி மூழ்கியது. அதில் எட்டுப் பெட்டி வெள்ளி இருந்தது. 1963இல் அக்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான காசுகள் வெளியே வந்தபோது, அவற்றிற் பெரும்பாலானவை மெக்சிக்கோக் கம்பட்டத்து ரியால்களாகவே இருந்தன. அதே ஒல்லாந்தர்தாம் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும், 1659இல் கற்பிட்டியையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கற்பிட்டிக் கோட்டையை 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தனர். கண்டி மன்னரின் நாட்டிலிருந்து பாக்கும், எதிர்க்கரையிலிருந்து துணியும் அரிசியும் புத்தளக் கரைவழியாகப் போய்வந்த பாதையை அடைத்துப் பிடிப்பதற்கே அக்கோட்டை. 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

மூன்றாவது வழி கிழக்கிலிருந்து வந்தது. மெக்சிக்கோவின் மேற்குக் கரையிலிருந்து மணிலாவுக்கு ஆண்டுதோறும் ஸ்பானியக் கப்பல் ஒன்று வெள்ளியை ஏற்றி வரும். 1565இல் தொடங்கிய இப்போக்குவரத்து 1815 வரை நீடித்தது. சோழமண்டலக் கரைத் துணிகளைச் சென்னையிலிருந்து மணிலாவுக்கு ஏற்றிச்சென்று, வெள்ளியுடன் திரும்பிய வணிகர் பலர். அவருள் ஆர்மீனியரான பெத்ருஸ் உஸ்கான் என்பவர் புகழ்பெற்றவர். மணிலா வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டிச் சென்னையிற் குடியேறிய அவர், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது தம் செலவிலேயே பாலம் கட்டினார். இன்று அவ்விடத்திலுள்ள பாலம் மறைமலையடிகள் பெயர் பூண்டு நிற்கின்றது. மெக்சிக்கோ மலையிற் பிறந்த வெள்ளி அடையாற்றைக் கடக்க மக்களுக்கு வழிசெய்தது என்றால் பொய்யாகாது.

நம் மக்கள் இக்காசை எவ்வாறு மதித்தனர்? 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்திற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1679இல் தப்பிச்சென்ற ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலில் அக்காலத்து நாணயங்களை விரித்துரைக்கின்றார். தூண்டில் முள்போல வளைந்த வெள்ளிக்கம்பியாகிய ‘லாரின்’ அவற்றுள் ஒன்று. பாரசீகத்து லார் என்னும் ஊரின் பெயரால் அமைந்தது அது. நம் நாட்டிலும் அதனை ஏராளமாகச் செய்தார்கள். கம்பளையிற் புதையலாகவும் கிடைத்துள்ளது. அந்த லாரினின் வெள்ளி ஸ்பானியக் காசின் வெள்ளியைக் காட்டிலும் தூயது என்று நொக்ஸ் எழுதுகின்றார். ஐயம் எழுந்தால் காசை நெருப்பிற் செக்கச்செவேலெனக் காய்ச்சி நீரில் இடுவராம். தூய வெண்மையாக வெளிவந்தாலன்றி அதனை எவரும் வாங்காராம். அரசரின் சிறு பணம் எழுபத்தைந்து கொண்டது ஓர் எட்டு ரியாற் காசு என்றும் அவர் கணக்குச் சொல்கின்றார்.

இதில் நாம் நோக்கவேண்டியது ஒன்று உண்டு. உலகம் முழுவதும் தலைவணங்கி ஏற்ற ஸ்பானியக் காசையும் கண்டி நாட்டுக் குடியானவர் நெருப்பில் இட்டுப் பார்த்தே மதித்திருப்பார். நாணயத்தைச் சோதிப்பவனுக்குச் சங்க காலத்திலேயே வண்ணக்கன் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. பிற்காலத்தில் அத்தொழிலைச் செய்தோர் சராப்பர் எனப்பட்டனர். தாம் சோதித்துத் தேறிய காசில் சிறு குறியொன்றை அவர்கள் வெட்டிவைப்பதுண்டு. சீன வணிகரும் இவ்வாறே தங்கள் எழுத்துகளைப் பொறித்தனர். ஆகவே ஒரு ஸ்பானியக் காசில் இத்தகைய வெட்டுக்குறிகள் காணப்பட்டால் அவற்றைக் குற்றமாகக் கொள்ளலாகாது. அது கைமாறி வந்த பாதையைச் சொல்லும் சாட்சிகள் அவை.

இனி இனங்காணும் முறைக்கு வருவோம். ஸ்பானியர் அமெரிக்காவில் அடித்த பெருவெள்ளிக் காசுகளை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, வடிவமற்ற வெட்டுக்காசு. வெள்ளியைப் பாளமாக வார்த்து, துண்டு துண்டாக நறுக்கி, நிறை சரியாகும்வரை கத்தரியால் ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அச்சு வட்டமானது, துண்டோ கோணல்மாணலானது. ஆதலால் அச்சின் பாதி துண்டில் விழும். பாதி வெளியே போய்விடும். இரண்டு காசுகள் ஒன்றுபோல் இரா. இதனைக் கண்டு, ‘இது எங்கேயோ உடைந்த தகடு’ என்று எறிந்துவிட்டவர்கள் உலகெங்கும் உண்டு. எட்டு ரியாலின் நிறை 27 கிராமுக்குச் சற்று மேல். நான்கு, இரண்டு, ஒன்று, அரை என்று சிறு காசுகளும் இருந்தன.

கையிலெடுத்ததும் முதலிற் சிலுவையைத் தேடுங்கள். ஒரு பக்கத்திற் சிலுவையும், அதன் நான்கு மூலைகளிற் கோட்டைகளும் சிங்கங்களும் இருக்கும். கோட்டை கஸ்தீலியாவுக்கும் சிங்கம் லெயோனுக்கும் உரிய சின்னங்கள். சிலுவையின் கைகள் ஒவ்வொன்றும் உருண்டையொன்றில் முடிந்தால் மெக்சிக்கோ. உருண்டையின்றிக் குறுக்குக் கோட்டில் முடிந்தால் பெரும்பாலும் போட்டோசி அல்லது லீமா. மறுபக்கத்தில் முடிசூடிய கேடயம் இருக்கும். கேடயத்தின் பக்கத்திலே கம்பட்டத்தின் அடையாள எழுத்தும், அதனுடன் வெள்ளியின் மாற்றைச் சோதித்த அதிகாரியின் பெயர்க்குறியும் இருக்கும். ஆங்கிலத்தில் எம் என்று வாசிக்கும் எழுத்தின் தலைமேல் சிறிய வட்டம் இருந்தால் அது மெக்சிக்கோ. பீ என்னும் எழுத்தானால் போட்டோசி. ஆண்டு எண் மெக்சிக்கோக் காசுகளில் 1607 முதலும் போட்டோசியில் 1617 முதலும் வருகின்றது. ஆயினும் ஓரம் கத்தரிக்கப்பட்டதால் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

போட்டோசிக் காசைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். 1640களில் அக்கம்பட்டத்தில் ஒரு பெரிய மோசடி நடந்தது. வெள்ளி வணிகரும் கம்பட்டத்து அதிகாரிகளும் கூடி, செம்பை அளவுக்குமீறிக் கலந்து காசடித்தனர். பொய்க்காசு ஐரோப்பாவரை பரவியபின்னரே குட்டு வெளிப்பட்டது. ஸ்பானிய அரசர் விசாரணைக்கு ஆளை அனுப்பினார். கோமேஸ் தெ லா ரோச்சா என்னும் பெருஞ்செல்வர் 1650இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். பழைய காசுகளின் மதிப்புக் குறைக்கப்பட்டது. சிலவற்றின்மேல் முடி பொறித்த முத்திரையிட்டுப் புழங்கவிட்டனர். 1652இல் காசின் உருவமே மாற்றப்பட்டது. கேடயம் போய், கடலலைகளின்மேல் நிற்கும் இரண்டு தூண்கள் வந்தன. கம்பட்ட எழுத்தையும் சோதகர் குறியையும் ஆண்டையும் ஒரே காசில் இரண்டு மூன்று இடங்களிற் பொறித்தனர். ஓரத்தில் ஒன்று தப்பினாலும் மற்றொன்று நிற்குமல்லவா? கெட்டுப்போன பெயரை மீட்பதற்கு அத்தனை பாடு. அப்படியும் கீழ்த்திசைச் சந்தைகளில் மெக்சிக்கோ, செவில் ரியால்களையே விரும்பிக் கேட்டனர். பெருவிலிருந்து வந்தவற்றுக்கு வட்டம் பிடித்தனர். ஒரு மலையுச்சியில் நாலைந்து பேர் செய்த களவுக்குப் பூமியின் மறுபக்கத்தில் உள்ள வணிகன் விலை குறைத்தான்.

இரண்டாவது வகை, தூண்காசு. 1732இல் மெக்சிக்கோக் கம்பட்டத்தில் பொறியினால் அடிக்கத் தொடங்கினர். இது முழு வட்டம். நடுவிலே ஒன்றையொன்று தழுவிய இரண்டு உலகவுருண்டைகள், மேலே ஒரு முடி, இருபுறமும் முடிசூடிய தூண்கள், கீழே அலைகள். தூண்களைச் சுற்றிய நாடாவில் ‘ப்ளூஸ் உல்த்ரா’ என்று இலத்தீனில் எழுதியிருக்கும். ‘இன்னும் அப்பால்’ என்பது பொருள். உருண்டைகளின் மேல் ‘இரண்டும் ஒன்று’ என்னும் கருத்துடைய தொடர் வளைந்து செல்லும். பழைய உலகும் புதிய உலகும் ஓரரசின்கீழ் என்னும் செருக்கு அது. பார்வைக்கு இதனினும் அழகிய வெள்ளிக்காசு அந்நூற்றாண்டில் வேறு அடிக்கப்படவில்லை என்பது என் கருத்து. 1746 வரை ஐந்தாம் பிலிப்பு, 1759 வரை ஆறாம் பெர்டினாண்டு, அதன்பின் மூன்றாம் கார்லோஸ் ஆகியோர் பெயர் மறுபக்கத்துக் கேடயத்தைச் சுற்றி இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. வடிவமற்றது பழையது, வட்டமானது புதியது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டலாகாது. மெக்சிக்கோ 1732இலேயே வட்டக்காசுக்கு மாறிவிட்டது. போட்டோசியோ 1767வரை அதற்கு வரவில்லை. வந்தபின்னும் 1773வரை வெட்டுக்காசையும் அடித்துக்கொண்டே இருந்தது. ஆகையால் கோணலான போட்டோசிக் காசு ஒன்று அழகிய மெக்சிக்கோத் தூண்காசுக்கு நாற்பது ஆண்டு இளையதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வகை, தலைக்காசு. 1772 முதல் அரசரின் தலையுருவம் வந்தது. ‘கரோலுஸ்’ என்ற பெயரும் ஆண்டும் அதனைச் சூழ்ந்திருக்கும். மறுபக்கத்தில் இரு தூண்களுக்கிடையே கேடயமும், சுற்றிலே கம்பட்ட எழுத்தும், 8 என்ற எண்ணும், சோதகர் குறிகளும் உள்ளன. மூன்றாம் கார்லோஸ் 1788 இறுதியில் இறந்தார். அச்செய்தியும் புதிய மன்னரின் உருவமும் கடல்கடந்து வரக் காலம் ஆயிற்று. அதனால் 1789, 1790ஆம் ஆண்டுக் காசுகளில் நான்காம் கார்லோஸின் பெயரும் அவருடைய தந்தையின் முகமும் சேர்ந்திருப்பதைக் காணலாம். 1808இல் ஏழாம் பெர்டினாண்டு பட்டத்துக்கு வந்தபோதும் அவ்வாறே. முகத்தைக் காணாத மெக்சிக்கோச் சிற்பி தம் கற்பனையில் ஓர் அரசரைச் செதுக்கிவிட்டார்.

போலிக்காசு செய்வோர் பெரும்பாலும் அகப்படுவது இத்தகைய இடங்களிலேதான். மூன்றாம் கார்லோஸின் பெயருடன் 1795 என்ற ஆண்டோ, அரசர் தலையுடன் 1760 என்ற ஆண்டோ கண்டால் அக்காசை வாங்காமல் எழுந்துவிடலாம். அடுத்தபடியாக விளிம்பைப் பாருங்கள். தூண்காசின் விளிம்பில் இலைபோன்ற வேலைப்பாடு தொடர்ந்து செல்லும். தலைக்காசின் விளிம்பில் வட்டமும் நீள்சதுரமும் மாறிமாறி வரும். வார்த்த போலியில் அவ்விடத்தில் அரத்தால் தேய்த்த அடையாளமோ, இரு பாதிகளை ஒட்டிய கோடோ தென்படும். மலாய்மொழியில் ரிங்கிட் என்ற பெயரே ஸ்பானிய வெள்ளியின் பல்வெட்டு விளிம்பிலிருந்து வந்தது என்பர். மலாயாவிற் குடியேறிய நம் தமிழர் அதே காசை ‘வெள்ளி’ என்றனர். இன்றும் மலேசியத் தமிழர் பேச்சில் பத்து வெள்ளி, நூறு வெள்ளி என்பது கேட்கின்றது. யாழ்ப்பாணத்தார் ஒல்லாந்தரின் றிக்ஸ்டாலரை ‘இறைசால்’ ஆக்கிக்கொண்டனர். 1825இல் ஆங்கில அரசு தன் குடியேற்ற நாடுகளுக்கு விகிதம் வகுத்தபோது ஸ்பானிய டாலருக்கு 4 சிலிங் 4 பென்சும், நம் இறைசாலுக்கு 1 சிலிங் 6 பென்சும் விதித்தது. ரூபாயும் சதமும் 1872இல் வந்தன.

நிறையைப் பற்றி ஒரு சொல். 1728க்கு முன் எட்டு ரியாலில் ஆயிரத்துக்கு 930 பங்கு வெள்ளி, அவ்வாண்டின் சட்டப்படி 917, 1772இல் 903, 1786இல் ஓசைப்படாமல் 896. அரசர்களும் சிறிது சிறிதாகத் திருடினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண்காசும் தலைக்காசும் 27 கிராம். ஆனால் கடலிற் கிடந்த காசை நிறைமட்டும் கொண்டு தீர்ப்பது தவறு. உப்புநீர் வெள்ளியை அரித்துக் கருமையான படலமாக்கிவிடும்; இருநூறு முந்நூறு ஆண்டு மூழ்கிக் கிடந்தது பாதி நிறைக்கும் இறங்கியிருக்கலாம். இரும்பு ஆணியோ பீரங்கிக் குண்டோ ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இரும்பு தான் துருப்பிடித்து வெள்ளியைக் காப்பாற்றிவிடும். அதனாற்றான் துருக்கட்டியை உடைத்தெறியாதீர் என்று அகழ்வாய்வாளர் வேண்டுகின்றனர்.

பழுதுபடாத காசுக்குப் பழைய கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் முறையே போதும். நுண்ணிய தராசில் காசை ஒருமுறை காற்றிலும், மெல்லிய நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி மறுமுறையும் நிறுக்கவேண்டும். இக்காசுகளின் வெள்ளி, நீரைப்போல் ஏறத்தாழ 10.3 மடங்கு அடர்த்தியுடையது. ஆகவே 27 கிராம் காசு நீரில் 2.6 கிராம் அளவு குறையும். செம்பும் நிக்கலும் கலந்த போலியானால் 3 கிராமுக்கு மேலாகக் குறையும். ஈயமும் தகரமும் கலந்ததாயின், கலந்த அளவுக்கேற்பக் கூடவோ குறையவோ செய்யும். காசுக்கு ஒரு கீறலும் நேராது. உரைகல்லில் இழைப்பதும், நொக்ஸ் கண்டபடி நெருப்பிற் காய்ச்சுவதும் அக்காலத்துக்குச் சரி. பழங்காசை அவ்வாறு செய்தால் அதன் முகமே அழிந்துபோம். சாம்பலும் புளியுமிட்டுத் தேய்ப்பதும் அத்தகையதே.

இத்தனை பெருவெள்ளம்போல் வந்த ஸ்பானிய வெள்ளி ஏன் நம் கண்ணில் மிகுதியாகப் படுவதில்லை என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை நம் கம்பட்டங்களில் இருக்கின்றது. இங்கு வந்த காசு பெரும்பாலும் காசாகவே இருக்கவில்லை. சூரத்துக் கம்பட்டத்தில் உருகி முகலாய ரூபாய் ஆயிற்று. புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரர் 1736இலும், சென்னையில் ஆங்கிலேயர் 1742இலும் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்க உரிமைபெற்றபின் அங்கும் உருகியது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுவோர், கப்பல் வந்ததென்றால் வெள்ளி வந்ததா என்று ஊர் எதிர்பார்த்திருந்த நிலையை உணர்வர்.

1807ஐ ஒட்டிய ஆண்டுகளிலோ சென்னையில் உருக்குவதற்கும் பொறுமையில்லாத நிலை ஏற்பட்டது. ஸ்பானிய டாலரையே எடுத்து, அதன்மேலேயே புதிய அச்சை அடித்து அரைப் பூவராகனாக வெளியிட்டனர். ஒரு பக்கத்தில் நட்சத்திரங்கள் சூழக் கோயிற் கோபுரம், மறுபக்கத்தில் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் மதிப்பு. அக்காசுகள் சிலவற்றைச் சாய்வான ஒளியிற் பிடித்துப் பார்த்தால், கோபுரத்தின் அடியில் ஸ்பானிய அரசரின் மூக்கும், இலத்தீன் எழுத்தின் வாலும் மங்கலாகத் தெரியும். தமிழெழுத்துப் பொறித்த ஸ்பானிய வெள்ளி அது. வீட்டுப் பெட்டகத்தில் அரைப் பூவராகன் வைத்திருப்போர் ஒருமுறை உற்றுப்பாருங்கள்.

உருகாமல் தப்பியது கடலில் விழுந்தது ஒன்றே. இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. தென்கிழக்குக் கடலில் மகா இராவணன் கோட்டை எனப்படும் பாறைத்தொடரில், 1961ஆம் ஆண்டு மைக் வில்சன் என்பவர் இரண்டு சிறுவருடன் நீர்மூழ்கிப் படம்பிடிக்கச் சென்றபோது வெள்ளிக்காசுகளைக் கண்டார். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அவ்வரலாற்றை 1964இல் நூலாக எழுதினார். ஆயிரம் ஆயிரமாகப் பையிலிட்டுக் கட்டிய ரூபாய்கள், பை மக்கிப்போன பின்னும் பையின் வடிவம் மாறாமல் கட்டிபட்டுக் கிடந்தன. அனைத்தும் ஒளரங்கசீப்பின் சூரத்து ரூபாய்கள். ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1702. ஒரே கம்பட்டம், ஒரே ஆண்டு. அதனாலேயே கப்பல் மூழ்கிய காலத்தை உறுதியாகக் கணிக்க முடிந்தது. அக்காசுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எவரேனும் பொறுக்கி விற்றிருந்தால் அவை வெறும் பழைய ரூபாய்களாகவே போயிருக்கும். 

கற்பிட்டிக் கரைக்கும் இதுவே பொருந்தும். அங்கே ஒற்றைக் காசு அகப்படுவது கைதவறி விழுந்ததைக் காட்டலாம். ஒரே ஆண்டையொட்டிய பத்துக் காசுகள் ஒரே இடத்தில் அகப்பட்டால், அருகே ஒரு கப்பலைத் தேடவேண்டும். 1640க்கு முற்பட்ட பிலிப்பு மன்னர் காசுகளானால் போர்த்துக்கேயர் காலத்தை நினைக்கலாம். 1660களின் மெக்சிக்கோ வெட்டுக்காசானால் ஒல்லாந்தரை நினைக்கலாம். சராப்பர் குறியிட்ட நான்காம் கார்லோஸின் காசானால் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தை நினைக்கலாம். நினைக்கலாம் என்றுதான் சொல்கின்றேன். காசு தன் பிறந்த ஆண்டைச் சொல்லும். தொலைந்த ஆண்டைச் சொல்லாது. நூறாண்டு கைமாறிய பின்னும் அது விழுந்திருக்கலாம்.

எனவே எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்வது காசைக் காப்பதற்கு ஒப்பானது. கரையிலிருந்து எத்தனை அடி, எந்த மரத்துக்கு நேராக, உடன் கிடந்தவை எவை என்று எழுதிவைத்துப் படமும் பிடித்துக்கொள்ளலாம். கடலிலிருந்து எடுத்ததைக் காயவிடாமல் நன்னீரில் இட்டு வைக்கவேண்டும். காய்ந்தால் உப்பு உள்ளேயிருந்து வெடிக்கும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டத்தின்படி, மண்ணிலிருந்து வெளிப்படும் இத்தகைய பொருள்கள் அரசுக்கு உரியவை. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். மீன்பிடித்து வாழும் ஏழைக்கு இது கசப்பாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் களவாகக் கொண்டுபோய்க் கொடுப்பவனுக்குத் தரகன் கொடுப்பது வெள்ளி நிறையின் விலைக்கு மேல் ஒன்றுமில்லை. பல நேரம் அதுவுமில்லை.

எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலைப் பெரிய நூல்நிலையங்களிற் காணலாம். கொழும்பு அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்களை நேரிலும் பார்க்கலாம். அங்கே செல்வோர் ஒரு சிறு உருப்பெருக்கியைக் கையிற் கொண்டுசெல்வது நல்லது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கும்போது, அந்த எம் எழுத்தின் தலைமேலுள்ள வட்டம் வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படாது.